தணிக்கையாளரின் ‘மூட்’: கலைச்சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். கணக்குத் தணிக்கைப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் நிற்கிறது. தணிக்கையாளரின் அன்றைய மூட் அவர் எடுக்கும் முடிவை இழுப்பதற்கு என்ன பெயர்? எடுத்துக்காட்டு: 180 நாள் தாண்டிய வரவேண்டிய பாக்கி 40 லட்சம். “அடுத்த மாதம் வந்துவிடும் சார்” என்கிறார் நிறுவனக் கணக்கர். உற்சாகத்தில் இருக்கும் தணிக்கையாளர், கணக்காண்டு மார்ச்சில் முடிந்த பின் ஏப்ரல், மே வங்கிக் கணக்கில் பணம் வந்ததா என்று பார்க்காமலே, நிறுவனம் காட்டிய வாராக்கடன் ஒதுக்கீட்டுக்கு (பாக்கி வராமல் போகலாம் என்று ஒதுக்கும் தொகைக்கு) டிக் போட்டுவிடுகிறார். ‘மனநிலைத் தாக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். சப்பென்று இருக்கிறது.

——

ஐயா, குறளிலேயே இருக்கிறதே! “சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்” (119). ஓடு, ஓட்டம், ஆடு, ஆட்டம், அப்படியே கோடு, கோட்டம். கோடுதல் என்றால் வளைதல். முந்தைய குறளில் நிற்பதும் துலாக்கோல்தான். மனத்தின் வளைவு என்ற பொருளில் ‘உட்கோட்டம்’ என்றே வையுங்கள்.

——

வணிகவியல் மாணவருக்குக் கோட்டம் என்றால் வருவாய்க் கோட்டம். தவிர, போன வருடத் தொகையையே பிடித்துக்கொண்டு நிற்பதும் உட்கோட்டம்தான், மூட் வேறு. மெய்ப்பாடும் பொருந்தாது, அது உடலில் தெரிவது. ஆனால் தொல்காப்பியம் வெகுளியையும் (கோபத்தையும்) அச்சத்தையும் தனித்தனியே வைத்தது இங்கே உதவும். அஞ்சுகிறவருக்கு ஆபத்து பெரிதாகத் தெரியும். 25 வவுச்சர் போதுமான இடத்தில் 60 எடுப்பார். கோபத்தில் இருப்பவருக்கு ஆபத்து சிறிதாகத் தெரியும். முதலில் தோன்றியதே சரி என்று நிற்பார். ‘மனநிலைச் சாய்வு’ போதும்.

——

‘மனவாட்டம்’? தண்ணீர் ஓடத் தளத்துக்குக் கொத்தனார் விடுகிற சரிவும் வாட்டம்தானே. முடிவும் அப்படித்தான் தானாக ஒரு பக்கம் ஓடுகிறது.

——

அருமையான சொல் அம்மா, ஆனால் எல்லோரும் சோர்வு என்றே படிப்பார்கள். இங்கே உற்சாகமும் கெடுக்கிறது. ‘மனநிலைச் சாய்வு’ என்பதையே வைக்கிறேன். அதைத் தடுக்கும் செய்முறையும் சேர்த்துவிட்டேன்: நிர்வாகத்தைச் சந்திக்கும் முன்பே ஒதுக்கீடு 12 முதல் 18 லட்சம் வரை இருக்கலாம் என்று தேதியோடு பணித்தாளில் எழுத வேண்டும், பிறகு மாற்றினால், எந்தச் சான்றைப் பார்த்து மாற்றினோம் என்பதையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும்.

——

அச்சுக்குப் போகட்டும், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. சாய்வு என்றதுமே பிழை என்று ஆகிவிடுகிறது. மனம் லேசாகச் சோர்ந்திருப்பவர் விவரங்களை நுணுகிப் பார்ப்பதும் உண்டு; எஸ்ஏ 200 என்ற தணிக்கைத் தரநிலை கேட்கிற தொழில்சார் ஐயுறவுக்கு, அதாவது எதையும் கேள்வி கேட்டுச் சான்றை எடைபோடும் மனப்பாங்குக்கு, அது துணையே. அதையும் சாய்வு என்பீர்களா? முதலில் எழுதிய ‘தாக்கம்’தான் சரி.