ஃபியூஷியாத் தண்டுகள் வேர் விடாமல் அடியில் கறுத்துப் போகின்றன: எங்கே பிழை?

புதுத்தளிர்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ள ஒரே ஃபியூஷியாப் பூச்செடிக்கு வயதாகி, அடித்தண்டு மரம்போல் தடித்துவிட்டதால், அதன் கிளைநுனிகளை வெட்டி நட்டுப் புதிய செடிகளை உண்டாக்க முயன்று வருகிறேன். முதல் முறை நட்டவை எல்லாமே பட்டுப்போயின. இரண்டாம் முறை நட்ட ஒன்பதில் எட்டு, பத்து நாள்களுக்குள் அடியிலிருந்து கறுத்து மேல்நோக்கி அழுகிவிட்டன. பிடுங்கிப் பார்த்தபோது, மண்ணுக்குள் இருந்த பகுதியின் தோல் வழுக்கிக்கொண்டு விரலோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த நார் மட்டும் நூல்போல் மிஞ்சியிருந்தது.

செய்தவற்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 15 செ.மீ. நீளம் இருக்கும். பூத்துக்கொண்டிருந்த கிளைகளில்தான் வெட்டினேன். தோட்டத்து மண்ணோடு மட்கிய எருவைக் கலந்து அதில் நட்டு, மேலே பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து, நல்ல வெயில் விழும் சன்னலோரத்தில் வைத்து, நாள்தோறும் காலையில் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். வேர் விடச் செய்யும் ஹார்மோன் தூளையும் தாராளமாகவே பூசியிருந்தேன். எஞ்சியிருக்கும் ஒன்பதாவது துண்டு பசுமையாக இருக்கிறது. அதில் ஒரு மொட்டும் விரியத் தொடங்கியிருக்கிறது. அதற்கு வேர் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? மற்றவை ஏன் அழுகின என்பதையும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வேரடி:

வணக்கம் அம்மா. முதல் வேலையாக அந்த மொட்டைக் கிள்ளிவிடுங்கள். வேரே இல்லாத தண்டும் பூக்கும். வெட்டுவதற்கு முன்பே உருவாகியிருந்த மொட்டு, தண்டில் மிச்சமிருக்கும் மாவுச்சத்தை இழுத்துக்கொண்டு விரிகிறது, அவ்வளவுதான். வேருக்குப் போகவேண்டிய உணவைப் பூ தின்றுவிடும். பூவைப் பார்த்து நாமும் ஏமாந்து உறையை எடுத்துவிடுவோம்; மறுநாளே துண்டு தலையைத் தொங்கப்போட்டுவிடும்.

மற்ற எட்டும் அழுகியதற்கு ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன்; நீங்கள் செய்த மூன்று காரியங்கள் ஒன்றுக்கொன்று துணை நின்றிருக்கின்றன. உறை கவிழ்த்த தொட்டியிலிருந்து நீர் வெளியே ஆவியாவதில்லை. உறையின் உட்புறம் துளித்து மறுபடியும் மண்ணுக்கே திரும்பிவிடுகிறது. அதன்மேல் நாள்தோறும் தண்ணீர் ஊற்றினால், தோட்டத்து மண்ணில் உள்ள நுண்துளைகள் நிரம்பிக் காற்று வெளியேறிவிடும். வெட்டுப்பட்ட அடிப்பகுதி ஆறுவதற்கும் வேர் கட்டுவதற்கும் மூச்சுவிட வேண்டும். மூச்சு முட்டிய இடத்தில்தான் அழுகல் பூஞ்சை புகுகிறது. மட்கிய எரு அந்தப் பூஞ்சைக்கு நல்ல விருந்து. இதற்கெல்லாம் மேலாக வெயில். உறைக்குள் வெயில் விழுந்தால் சிறிது நேரத்திலேயே சூடு ஏறிவிடும். ஃபியூஷியா இனங்களில் பெரும்பாலானவை நடு, தென் அமெரிக்காவின் குளிர்ந்த மலைக்காடுகளைச் சேர்ந்தவை என்பதால், முழுதாக வளர்ந்த செடியே 30 பாகை செல்சியசைத் தாண்டினால் சோர்ந்துவிடும். வேரற்ற துண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இலையைச் சுற்றி ஈரமான காற்று இருக்கவேண்டும். அடியைச் சுற்றிக் காற்றோட்டமுள்ள ஈரம் இருக்கவேண்டும். இவ்விரண்டும் வேறு வேறு என்பதைப் பிரித்துப் பார்த்தால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும். துண்டுகளை நடும் கலவைக்குக் கழுவிய தேங்காய் நார்த்தூளும் பெர்லைட்டும் (பொரிபோன்ற வெள்ளை எரிமலைக்கல் மணிகள்) சரிபாதியாகக் கலந்தது போதும். எரு எதுவும் வேண்டாம். நனைத்துக் கைப்பிடியில் இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், தாரையாக ஒழுகக்கூடாது. பூவும் மொட்டும் இல்லாத இளம் நுனிகளாகப் பார்த்து 7 அல்லது 8 செ.மீ. நீளத்தில் வெட்டி, மேலே இரண்டு இணை இலைகளை மட்டும் விட்டு, கீழ் இலைகளை நீக்கிவிடுங்கள். தாய்ச்செடிக்கு முந்தைய நாளே நன்றாக நீர் விட்டிருக்கவேண்டும். வாடிய கிளையிலிருந்து எடுத்தது மீள்வது அரிது. வெளிச்சம் நிறைந்த நிழலில், 15 முதல் 20 பாகை வரையிலான சூட்டில், இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் வேர் வரும். ஹார்மோன் தூள் இல்லாமலே எளிதில் வேர்விடும் செடி இது. அளவுக்கு மிஞ்சிப் பூசினால் அடி கருகவும் கூடும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கணுவை ஒட்டி வெட்டினீர்களா, இரண்டு கணுக்களுக்கு இடையில் வெட்டினீர்களா?

புதுத்தளிர்:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் கேட்ட பிறகுதான் குப்பையில் போட்டிருந்த எட்டையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கடைசிக் கணுவுக்குக் கீழே இரண்டு மூன்று செ.மீ. வெறுந்தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பதாவது மட்டும் தற்செயலாகக் கணுவுக்குச் சற்றே கீழே வெட்டுப்பட்டிருக்கிறது. பொறுமையில்லாமல் அதையும் மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டேன். வேர் இல்லை, ஆனால் வெட்டுவாயின் விளிம்பைச் சுற்றி வெளிர்நிறத்தில் சோற்றுப்பருக்கைபோல் ஒரு தடிப்பு இருந்தது. மொட்டைக் கிள்ளிவிட்டுத் திரும்ப நட்டிருக்கிறேன். இந்த மண் தொல்லையே வேண்டாம் என்று, அடுத்த முறை தண்ணீரில் வைத்துப் பார்க்கலாமா?

மண்கலயம்:

தண்ணீரில் வைப்பதைக் குறைவாக மதிப்பவர்கள் பலர். நான் ஃபியூஷியாவை அப்படித்தான் வேர்விட வைக்கிறேன். ஒரு கணு மட்டும் மூழ்கும்படி இரண்டு மூன்று செ.மீ. நீர் விடுங்கள், இலை எதுவும் நீரைத் தொடக்கூடாது. இரண்டு நாள்களுக்கு ஒருமுறை நீரை மாற்றிவிட்டால் நாற்றமோ வழவழப்போ வராது. நிறம் உள்ள புட்டியானால் பாசி பிடிப்பதும் குறையும். வேர் ஒன்றரை செ.மீ. நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். கொத்துக் கொத்தாக வரட்டும் என்று காத்திருந்தால், மாற்றும்போது பாதி ஒடிந்துபோகும்.

வேரடி:

மண்கலயம் சொல்வதை மறுக்கவில்லை. தண்ணீரிலும் வேர் வரும். ஆனால் நீருக்குள் வளர்ந்த வேர் எளிதில் ஒடியக்கூடியது, மண்ணுக்குப் பழகும் வரை தடுமாறும். மாற்றிய முதல் வாரத்தில் இழந்த துண்டுகளை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே நார்த்தூள் கலவையையே முதலில் முயன்று பார்க்கும்படி கேட்டுக்கொள்வேன்.

அம்மா, நீங்கள் கண்ட தடிப்பு காயம் ஆறியதற்கான திசு. நல்ல அறிகுறி, ஆனால் வேருக்கு உத்தரவாதமன்று. கணுவைப் பற்றியும் ஒரு திருத்தம் சொல்லவேண்டும்: ஃபியூஷியா கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டிலும் வேர் விடக்கூடியதுதான். ஆனால் ஈரம் தேங்கும் மண்ணில், கணுவுக்குக் கீழே நீளும் வெறுந்தண்டுதான் முதலில் அழுகி மேல்நோக்கிப் பரவும். கணுவுக்கு அரை செ.மீ.க்கும் குறைவாகக் கீழே, சுத்தமான கூரிய கத்தியால் வெட்டுங்கள். மழுங்கிய கத்தரிக்கோல் தண்டை நசுக்கிவிடும்.

நிழல்வலை:

அழுகல் எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்கும் பழக்கம் நல்லது. அடியிலிருந்து கறுத்தால் நீர்த்தேக்கம். மேலே இலைநுனியிலோ வாடிய பூவிலோ தொடங்கிச் சாம்பல்நிறப் பஞ்சுபோல் படர்ந்தால் அது சாம்பல் பூசணம். அதற்கு மண்ணை மாற்றிப் பயனில்லை. நாளுக்கு ஒருமுறை உறையைச் சில நிமிடங்கள் திறந்து காற்றாட விட்டு, உதிர்ந்த இலையை அன்றன்றே பொறுக்கிவிடவேண்டும். தாய்ச்செடியின் இலைகளைத் திருப்பியும் பாருங்கள். அடிப்பக்கத்தில் ஆரஞ்சுநிறத் துகள் இருந்தால் அது துரு நோய். அக்கிளையிலிருந்து துண்டு எடுக்கவேண்டாம்.

புதுத்தளிர்:

இருபத்துநான்கு நாள்கள் கழித்து எழுதுகிறேன். சொன்னபடியே ஆறு துண்டுகளை நட்டேன். முதல் இரண்டு நாள் தலை சாய்ந்திருந்தவை மூன்றாம் நாள் நிமிர்ந்துவிட்டன. உறையிட்ட பிறகு ஒரே ஒருமுறைதான் நீர் தெளிக்கவேண்டியிருந்தது. நேற்று நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தபோது ஐந்து துண்டுகள் இடம் கொடுக்கவில்லை. ஒன்றைக் கலவையோடு எடுத்துப் பார்த்தேன்; கணுவைச் சுற்றி வெள்ளை இழைகளாக ஏழெட்டு வேர்கள், ஒவ்வொன்றும் ஒரு பெர்லைட் மணியைக் கவ்விக்கொண்டிருந்தன. ஆறாவதன் இலை உறையில் ஒட்டிக்கொண்டு எப்போதும் நனைந்தே இருந்ததால் நிழல்வலை சொன்ன சாம்பல் பூசணம் வந்துவிட்டது.

ஐந்தையும் சிறு தொட்டிகளுக்கு மாற்றினேன். இப்போது பிற்பகலில் வாடுகின்றன, இரவில் தேறிவிடுகின்றன. மண் ஈரமாகவே இருக்கிறது. கூடுதலாகத் தண்ணீர் விடவா?

வேரடி:

வேண்டாம், பழைய தவறுக்கே திரும்பிவிடுவீர்கள். உறைக்குள் வளர்ந்த இலைகள் வெளிக்காற்றுக்கு இன்னும் பழகவில்லை. அவை இழக்கும் நீரை ஈடுகட்ட அத்தனை சிறிய வேர்களால் முடியவில்லை. மீண்டும் உறையிட்டு, முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று ஒரு வாரத்தில் படிப்படியாகத் திறந்து பழக்குங்கள். தொட்டி 7 அல்லது 8 செ.மீ. அகலத்துக்கு மேல் வேண்டாம். மூன்று இணை இலைகள் வந்த பிறகு நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை விடும். அந்த ஒன்பதாவது என்ன ஆயிற்று?

புதுத்தளிர்:

அதை மறந்தே போனேன். பழைய மண்ணிலேயே சன்னலை விட்டுத் தள்ளி வைத்திருந்தேன். இன்று இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.