‘செபுட் ஹர்கா’வுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

செந்தூல், திங்கள் இரவு 10.42

மடல் குழுவினர் எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு சிறுதொழில் சங்கத்துக்காக மலேசிய அரசாங்கக் குத்தகை பற்றி எட்டுக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். நிதியமைச்சில் எப்படிப் பதிவது, ‘கோட் பீடாங்’ என்கிற ஆறு இலக்க எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது, கட்டுமான வேலை என்றால் சிஐடிபியில் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) ஜி1 முதல் ஜி7 வரை நாம் எந்தப் படியில் நிற்கிறோம், இந்த மாதிரி. வாசகர்கள் ரவாங்கிலும் கிள்ளானிலும் ஒரு லோரியும் நாலு ஆளும் வைத்துக்கொண்டு புல்வெட்டு, துப்புரவு, சாயம் பூசும் வேலை எடுப்பவர்கள். அவர்கள் கைப்பேசியில் தேடினால் கட்டுரை முதலில் வந்து நிற்க வேண்டும். சங்கம் காசு கொடுப்பதே அதற்குத்தான். வெள்ளிக்கிழமை கெடு.

ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். டெண்டர் வேறு, செபுட் ஹர்கா (ஆங்கிலத்தில் கொட்டேஷன்) வேறு. டெண்டர் என்றால் பெரிய தொகை, ஊரறிய விளம்பரம், உள்நாட்டு அளவில் பொதுவாக 21 நாள் அவகாசம். செபுட் ஹர்கா அதற்குக் கீழே. பதிவு பெற்ற குறைந்தது ஐந்து பேரிடம் விலை கேட்பார்கள், நாளும் குறைவு. நாமோ இரண்டையும் ‘குத்தகை’ என்கிறோம். கடைசியில் கையெழுத்திடும் ஒப்பந்தமும் நமக்குக் குத்தகைதான். ‘குத்தகைக்கு விண்ணப்பித்து, குத்தகை கிடைத்து, குத்தகையில் கையொப்பமிட்டார்’ என்று எழுதினால் எவர் படிப்பார்?

இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். ‘பள்ளிக்கு மேசை வாங்க மேற்கோள்கள் வரவேற்கப்படுகின்றன’ என்று வந்தது. யாராவது திருக்குறள் அனுப்பிவிடப் போகிறார்கள். சொல் கொடுங்கள்.


பிறை, செவ்வாய் காலை 6.15

தங்கச்சி, நல்ல கேள்வி. ஓய்வு பெற்ற வாத்தியாரை அதிகாலையில் எழுப்பிவிட்டாய்.

டெண்டரிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் ‘தெந்தெரெ’ என்றால் நீட்டுதல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கையை நீட்டி ‘இந்தா, இதுதான் என் விலை’ என்பது. நமக்கு நீட்டு புதிதா? திருவிதாங்கூரில் அரச ஆணைக்கே ‘நீட்டு’ என்றுதான் பெயர். ஆகவே டெண்டர் என்பது விலைநீட்டு. ஆவணத்தைக் குறிக்க விலைநீட்டோலை.

அடுத்து செபுட் ஹர்கா. செபுட் என்றால் சொல்லுதல். ஹர்கா, சமஸ்கிருத ‘அர்க’ மலாய்க்குள் போய்க் குடியேறியது. நாம் தனித்தமிழில் ‘கூறுவிலை’ என்போம். கூறிய விலை, கூறுகின்ற விலை, கூறும் விலை. நன்னூலார் சொன்ன ‘காலம் கரந்த பெயரெச்சம்’. ஊறுகாய், சுடுசோறு வரிசையில் வைக்கலாம். ஒருமுறை சொன்ன விலை, அதன் செல்லுபடி நாள் முடியும் வரை மாறக்கூடாது அல்லவா? முக்காலத்துக்கும் நிற்கிற விலைக்கு வினைத்தொகையைவிடப் பொருத்தமான வடிவம் உண்டா?

1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு ‘டெண்டர்’ என்று எழுதிவிடாதே அம்மா.


ரவாங், செவ்வாய் காலை 9.03

ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூறுவிலை என்றதும் எனக்கு மீன் சந்தைதான் ஞாபகம் வந்தது. கெம்போங் மீன் ஒரு கூறு பத்து வெள்ளி, கடைசி நேரம் என்றால் இரண்டு கூறு பதினைந்து. அதுதானே கூறுவிலை?

விலைநீட்டோலை என்று தட்டித் தேடுகிற குத்தகைக்காரனை நான் பார்த்ததில்லை. பதினெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்.


சைபர்ஜெயா, செவ்வாய் பகல் 12.30

தமிழ்நாட்டில் அரசு விளம்பரங்களில் டெண்டருக்கு ‘ஒப்பந்தப்புள்ளி’, கொட்டேஷனுக்கு ‘விலைப்புள்ளி’. நான் திருச்சியில் வளர்ந்தவன், நாளிதழில் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன். புழக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு எதற்குப் புதிதாகச் செய்ய வேண்டும்?


செந்தூல், செவ்வாய் பகல் 1.10

தம்பி, இங்கே புள்ளி என்றால் பரீட்சை மதிப்பெண். என் மகனிடம் ‘விலைப்புள்ளி’ என்று சொல்லிப் பார்த்தேன். “எத்தனைக்கு எத்தனை புள்ளி?” என்று கேட்டான். பெரியவர்களிடம் சொன்னால் ‘பெரும்புள்ளி’ ஞாபகம் வருகிறது. அரசாங்க வேலை யாருக்குக் கிடைக்கும் என்பதற்கு அது பொருத்தம்தான் என்று அடுத்த கேலி தொடங்கும்.


பிரிக்பீல்ட்ஸ், செவ்வாய் மாலை 5.48

எங்கள் தாத்தா ரயில்வே வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அந்தப் பக்கத்து வழக்கையும் மேசையில் வைக்கிறேன். இலங்கையில் அரசாங்க அறிவித்தல்களில் ‘விலைமனு கோரல்’ என்பார்கள். பழைய ஆட்கள் ‘கேள்வி’ என்றே சொல்வார்கள். கேள்விப்பத்திரம் என்றால் டெண்டர் படிவம்.

இன்னொன்று. பொதுவாக நாம் கொள்முதல் என்பதை அங்கே ‘பெறுகை’ என்கிறார்கள். மலாயில் பெரோலேஹான், பெறுவது என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். பெறுகையும் அப்படியே! போன 2025இல் அரசாங்கக் கொள்முதல் மசோதா மக்களவைக்கு வந்தபோதே இதைச் சொல்ல நினைத்தேன். கொள்முதலில் ‘முதல்’ இருப்பதால் கடைக்குச் சரக்கு எடுப்பது போல இருக்கிறது. அரசாங்கம் ஆலோசகரை அமர்த்துவதும் பாலம் கட்டுவதும் சரக்கு எடுப்பதா?


ரவாங், செவ்வாய் மாலை 6.20

அக்கா, பெறுகை நன்றாக இருக்கிறது. ஆனால் மனு வேண்டாம். நம் ஆட்கள் மனு கொடுத்துக் கொடுத்தே தேய்ந்தவர்கள். பிறப்புப் பத்திரத்துக்கு மனு, கோயில் நிலத்துக்கு மனு. காசு போட்டு விலை கணக்குப் பண்ணிக் கொடுப்பதும் மனுவா? அது வியாபாரம்.


ஜார்ஜ்டவுன், செவ்வாய் இரவு 9.55

நான் முப்பது வருடம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எது என்று சொல்ல வேண்டாம். டெண்டர் பெட்டி என் மேசைக்கு எதிரே இருந்தது. மரப்பெட்டி, மேலே ஒரு வாய், இரண்டு பூட்டு. ஒரு சாவி ஒருவரிடம், மற்றது இன்னொருவரிடம். பகல் 12 மணிக்கு வாயை அடைப்போம். ஒரு நாள் 12.04க்கு ஒரு சீனர் வியர்க்க வியர்க்க ஓடிவந்தார், கையில் உறை. பாலத்தில் நெரிசலாம். அடைத்தது அடைத்ததுதான். அவர் உறையால் விசிறிக்கொண்டு அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். இப்போது இ-பெரோலேஹான் என்கிற இணையவழிக் கொள்முதல் வந்தபின் பெட்டியும் இல்லை, விசிறுவதற்கு உறையும் இல்லை.

அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் குடவோலைதான் நினைவுக்கு வரும். உத்திரமேரூரில் ஓலையைக் குடத்தில் இட்டார்கள், நாம் உறையைப் பெட்டியில் இடுகிறோம். ‘விலையோலை’ என்றால் என்ன?


பிறை, புதன் காலை 5.50

ஜார்ஜ்டவுன் நண்பரே, அழகு. ஆனால் குடவோலை குலுக்கல். சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். விலை குறைந்தவனுக்குக் கொடுக்கிற முறை அல்ல அது. வேண்டுமானால் இன்னோர் ஒற்றுமை சொல்கிறேன்: பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டின்படி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது. கறுப்புப் பட்டியலைப் பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டிவிட்டோம். அண்ணன் பெயர் கெட்டதும் தம்பி பெயரில் கம்பெனி திறக்கிற வேலையெல்லாம் அங்கே நடக்காது.

பேச்சோடு பேச்சாக, ‘ஏலம்’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள். அது நம் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். போர்த்துகீசியர் ‘லெய்லாவ்’ என்றார்கள். மலாய்க்காரர் அதை லெலோங் ஆக்கினார்கள், நாம் ஏலம் ஆக்கினோம். சௌரஸ்தா சந்தையில் ‘லெலோங், லெலோங்’ என்று கூவுகிறவனும் நம்மூர் ஏலக்காரனும் பங்காளிகள்.

கூறுவிலையைக் கைவிடவில்லை. மீன்காரனுக்குப் பயந்து மொழியை விட்டுக்கொடுக்க முடியாது.


சைபர்ஜெயா, புதன் காலை 10.12

ஐயா, சொல் எதுவானாலும் தேடுபெட்டியில் அது என்ன ஆகும் என்று பாருங்கள். என் பிழைப்பு அதுதான்.

ஒரே டெண்டரை மக்கள் டெண்டர், டென்டர், டெண்டெர் என்று தட்டுகிறார்கள். உருபு ஏறினால் டெண்டரை, டெண்டருக்கு, டெண்டரில். ஆங்கிலத்தைப் பிரித்துப் புரிந்துகொள்கிற அளவுக்குத் தேடுபொறி தமிழைப் பிரிப்பதில்லை. அதனால் தலைப்பிலும் முதல் வரியிலும் சொல் உருபு இல்லாமல், தட்டுகிறபடியே நிற்க வேண்டும். இன்னொரு வம்பு, ஒற்று. நாம் ‘அரசாங்கக் குத்தகை’ என்று எழுதுகிறோம். தேடுகிறவர் ‘அரசாங்க குத்தகை’ என்றுதான் தட்டுகிறார். தலைப்பிலாவது அந்த ‘க்’ வேண்டாம்.

யாரோ தனிமடலில் ‘டெண்டர் என்று பக்கத்தின் மறைகுறிப்பில் (மெட்டா கீவேர்ட்ஸ்) நூறு முறை போட்டுவிட்டு உள்ளே தூய தமிழில் எழுதலாமே’ என்று கேட்டீர்கள். அந்தத் திறவுச்சொல் குறிப்பைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்தால் ஏமாற்று என்று பக்கத்தையே தள்ளிவிடும்.


பிறை, புதன் காலை 10.31

வலிமிகும் இடத்தில் ஒற்றை விடச் சொல்கிறீர்கள். முப்பத்தைந்து ஆண்டு நான் சிவப்பு மையால் போட்ட ‘க்’ எல்லாம் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்காகத் திரும்ப அழிக்க வேண்டுமா?


பிரிக்பீல்ட்ஸ், புதன் பகல் 2.05

சண்டை வேண்டாம். ஒன்றை யோசியுங்கள். மலாயில் அரசாங்கம் அழைப்பதும் செபுட் ஹர்கா, நாம் கொடுப்பதும் செபுட் ஹர்கா. ஆனால் சட்டத்தில் இரண்டும் ஒன்றல்லவே. அழைப்பு வெறும் அழைப்பு. நாம் விலை எழுதிக் கொடுக்கும்போதுதான் முன்மொழிவு பிறக்கிறது. அவர்கள் ஏற்றால் ஒப்பந்தம். தமிழில் ஒரு சொல்லை வைத்தால் யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கூறுவிலை, விலையோலை, விலைமனு எல்லாம் நம் வாய். அவர்கள் வாய்க்குச் சொல் எங்கே?


சைபர்ஜெயா, புதன் பகல் 2.40

விலைக்கேட்பு? கருத்துக்கேட்புக் கூட்டம் போல. அரசாங்கம் கேட்பது விலைக்கேட்பு. நாம் கொடுப்பது வெறும் ‘விலை’ போதும். யாருக்கும் அகராதி வேண்டாம்.


ரவாங், புதன் பகல் 2.44

இது வாயில் வருகிறது.


செந்தூல், வியாழன் காலை 8.20

நேற்றிரவு ஒரு குத்தகையாளர் வாட்ஸாப் குழுவில் கேட்டேன்: எப்படித் தேடுவீர்கள்? பதில் சொன்னவர்களில் அநேகர் மலாயில், ரோமன் எழுத்தில் தட்டுகிறார்கள். வயதான இருவர் குரலில் பேசுகிறார்கள்: “கவர்மெண்ட் குத்தகை எப்படி எடுக்கிறது”. நம் பட்டியலில் உள்ள சொல் ஒன்றையும் யாரும் சொல்லவில்லை.

புதிய தலைவலியும் கிடைத்தது. வேலை உறுதியானதும் வருகிற சூராட் செத்துஜு தெரிமாவை எல்லாரும் எஸ்எஸ்டி என்கிறார்கள். 2018இல் திரும்பி வந்த விற்பனை, சேவை வரிக்கும் அதே மூன்றெழுத்து. ஒருவர் கடிதம் வந்ததும் என்ன செய்வது என்று தேடி, வரிப் பக்கத்தைப் படித்துவிட்டு, தான் வரி கட்டவில்லை என்று இரண்டு நாள் பயந்திருக்கிறார். இங்கே மட்டும் ‘ஏற்புக் கடிதம்’ என்ற தமிழ்தான் காப்பாற்றுகிறது. சுருக்கெழுத்து கைவிட்ட இடம்.


ஜார்ஜ்டவுன், வியாழன் காலை 9.00

ஏற்புக் கடிதம் நன்று. தக்லிமாட் தாப்பாக்குக்கும் ஒன்று சொல்லுங்கள். கட்டாயம் என்று போட்ட தள விளக்கத்துக்குப் போகாமல் விலை போட்டுத் தள்ளுபடி ஆனவர்கள் எத்தனை பேர்! அந்த எச்சரிக்கையைத் தலைப்பிலேயே வையுங்கள் அம்மா. சொல்லாராய்ச்சியைவிட அது உபயோகம்.


குழுப் பொறுப்பாளர், வியாழன் மாலை 4.15

நாற்பத்தொரு மடல் ஆகிவிட்டது. மீன் பற்றிய கிளை மடல்கள் தனி. கெடு நாளை. கை தூக்கியவர்களை எண்ணினேன்: விலைக்கேட்பு ஏழு, விலைமனு இரண்டு, விலைப்புள்ளி இரண்டு, கூறுவிலை ஒன்று. டெண்டர் டெண்டராகவே இருக்கட்டும் என்பதை யாரும் ஆதரிக்கவில்லை, எதிர்த்துச் சொல்லவும் யாருக்கும் தெம்பில்லை. தலைப்பில் மக்கள் தேடுகிற செபுட் ஹர்கா, முதல் பத்தியில் விலைக்கேட்பு, பிறகு முழுக்கத் தமிழ். செந்தூல் அம்மா முடிவெடுக்கட்டும்.


செந்தூல், வெள்ளி மாலை 6.30

முதல் கட்டுரை ஏறிவிட்டது. தலைப்பு: ‘செபுட் ஹர்கா என்றால் என்ன? அரசாங்க குத்தகைக்கு விலை கொடுப்பது எப்படி’. உள்ளே விலைக்கேட்பு பதினொரு இடத்தில் வருகிறது. செபுட் ஹர்காவுக்குத் தொகை எல்லை எவ்வளவு வெள்ளி என்று மட்டும் எண் போடவில்லை. சுற்றறிக்கை மாறிக்கொண்டே இருக்கிறது, அதற்கு அமைச்சின் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி. பிறை ஐயா, தலைப்பில் ஒற்று இல்லாததற்கு மன்னிக்கவும்.


பிறை, வெள்ளி இரவு 8.02

தலைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிட்டேன். பெரும்பான்மைக்கும் தலைவணங்குகிறேன். ஆனால் உள்ளே இருப்பதைப் பாருங்கள். கருத்துக்கேட்பில் ‘க்’ வருவது வன்தொடர்க் குற்றியலுகரத்தால். விலைக்கு அந்த நியாயம் கிடையாது. விலையைக் கேட்பது, இரண்டாம் வேற்றுமைத் தொகை, வலி மிகாது. கதைசொல்லி போல, விலைகேட்பு. வேண்டிய இடத்தில் ஒற்றை எடுத்துவிட்டு வேண்டாத இடத்தில் பதினொரு முறை போட்டிருக்கிறீர்கள்.


சைபர்ஜெயா, வெள்ளி இரவு 8.09

ஐயா, பக்க முகவரியிலும் அந்த ‘க்’ ஏறிவிட்டது. இனி மாற்றினால் இணைப்பு உடையும்.


பிறை, வெள்ளி இரவு 8.11

இன்னும் ஏழு கட்டுரை இருக்கிறதல்லவா?