பனங்கைச் சிலாம்பு உள்ளங்கையில் ஏறிவிட்டது, எப்படி எடுப்பது?

கப்பலூர்க்காரன்:
திருமங்கலம் பக்கம் எங்கள் ஊரில், தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். நேற்றுச் சாயங்காலம் பனங்கை (ஓட்டைத் தாங்கும் பனைமரச் சட்டம்) ஒன்றைத் தோளிலிருந்து இறக்கும்போது அது வழுக்கி, வலது உள்ளங்கையில் பெருவிரலுக்குக் கீழே சதையான இடத்தில் சிலாம்பு, அதாவது ஊசி மாதிரி மரத்துணுக்கு, ஏறிவிட்டது. கறுப்பாக ஒரு கோடு தெரிகிறது, அரை அங்குலம் இருக்கும். முனை வெளியே இல்லை. ராத்திரி பிதுக்கிப் பார்த்தேன், வலிதான் கூடியது. பெரியம்மா வெந்நீரில் கையை ஊறவைக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் எருக்கம்பால் வைக்கச் சொல்கிறார்கள். எது சரி? அப்பாவுக்கும் குதிகாலில் ஒன்று குத்தியிருக்கிறது. அவருக்கு வலியே இல்லையாம், தானாக வந்துவிடும் என்று சொல்லிவிட்டு வேலைக்கு இறங்கிவிட்டார். எனக்குத்தான் மண்வெட்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

கொட்டாப்புளி:
தம்பி, இனிமேல் பிதுக்க வேண்டாம். 31 வருடமாக மர வேலை பார்க்கிறேன், பனையை மட்டும் மற்ற மரம் மாதிரி நினைக்கவே கூடாது. தேக்குச் சிலாம்பு பட்டையாக ஏறும், நுனி சிக்கினால் முழுசாக வந்துவிடும். பனைக்குள் இருப்பது கறுப்பு நார், ஒவ்வொன்றும் ஊசி மாதிரி விறைப்பு. பிதுக்கினால் இன்னும் ஆழமாகப் போகும், இல்லையென்றால் உள்ளேயே முறியும். வெந்நீரும் வேண்டாம். மரம் தண்ணீர் குடித்தால் உப்பும், இழுக்கும்போது பிய்ந்து பாதி உள்ளே நின்றுவிடும்.

சோழவந்தானில் பெரியப்பா பட்டறையில் நான் வேலை பழகியபோது, யார் கையில் சிலாம்பு ஏறினாலும் அவர் முதலில் ஊசியைத் தொட மாட்டார். மரம் எந்தப் பக்கமாக நகர்ந்தது என்று கையை வைத்துக் காட்டச் சொல்வார். எந்தச் சாய்வில் உள்ளே போனதோ அதே சாய்வில்தான் வெளியே வர வேண்டும். நேராக மேலே தூக்கினால் முறிந்துவிடும். நீங்களும் அதை முதலில் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி உடனே ஒற்றித் துடையுங்கள். உங்களுக்கு வலது கை என்பதால் நீங்களாக முயல வேண்டாம், கண் நன்றாகத் தெரிகிற ஒருவரை உட்காரவையுங்கள். அவரும் கை கழுவட்டும். செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல் தோலோடு படுக்கவைத்தாற்போலப் பக்கவாட்டில் அடித்தால், சிலாம்பு மேலாக இருக்கும் இடம் சின்ன மேடாக நிழல் காட்டும். உள்ளே நுழைந்த வாயும் புள்ளியாகத் தெரியும். தையல் ஊசியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். தீயில் காட்டினால் கரி ஒட்டும், அந்தக் கரி தோலில் பட்டுவிட்டால் சிலாம்பு எது, கரி எது என்றே தெரியாது.

தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, ஊசியைக் குத்தாமல் படுக்கவைத்து, நுழைந்த வாயிலிருந்து கோட்டின் மேலேயே தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறித் திறக்க வேண்டும். உங்களைப் போல உழைத்துக் காய்த்த கையில் மேல்தோலுக்கு வலி தெரியாது. கால் அங்குலம் திறந்தாலே நுனி நிமிரும். அப்போது இடுக்கியால் பிடித்து, அவசரப்படாமல் இழுங்கள். பத்து நிமிடத்தில் நுனி சிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். நகத்துக்கு அடியில் ஏறியதையும் நான் தொட மாட்டேன்.

பிளைவுட் அறுக்கும்போது கை முழுக்கச் சுணை மாதிரி ஏறுமே, அதற்கு நாங்கள் ஃபெவிகால் தடவி, காய்ந்ததும் உரித்து எடுப்போம். உங்களுடையது ஆழம், அதற்கு அது உதவாது.

கரிசக்காட்டுக்காரி:
எங்கள் தாத்தா அரைஞாண் கயிற்றிலேயே முள்வாங்கி கட்டியிருப்பார். சீமைக்கருவேல முள் குத்தினால் வரப்பிலேயே உட்கார்ந்து எடுத்துவிடுவார். வராத முள்ளுக்கு எருக்கம்பால் ஒரு சொட்டு வைப்போம், தோல் இளகி மறுநாள் முள் மேலே வந்திருக்கும். எனக்கே வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு மட்டும் வைக்க மாட்டோம்.

மேலூர் நர்ஸ்:
அக்கா, எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும். வைத்த கையால் தெரியாமல் கண்ணைத் தொட்டால் இன்னும் ஆபத்து, வலியே இல்லாமல் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். தயவுசெய்து யாரும் வைக்க வேண்டாம்.

தம்பி, உங்கள் கையைவிட எனக்கு அப்பாவின் குதிகால்தான் கவலை. அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா? பனைச் சிலாம்பு குதிகாலில் இருந்தும் வலி இல்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை, பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். வீட்டில் யாரும் ஊசி வைக்காதீர்கள், இன்றைக்கே கூட்டிப்போங்கள். மரத்துண்டு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது, தேவைப்பட்டால் ஸ்கேனில்தான் பார்ப்பார்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று திரும்பிவிட வேண்டாம். இரண்டு பேரும் தடுப்பூசி கணக்கையும் சொல்லுங்கள். பழைய வீட்டு மண்ணும் புழுதியும் பட்ட காயம், கடைசி டிடி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போடுவார்கள்.

கப்பலூர்க்காரன்:
அக்கா, அப்பாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. படித்தவுடன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். குதிகாலில் அரிசி நீளத்துக்கு ஒன்று, அதற்குள் சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தது. அப்பாவுக்கே அதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. எடுத்துவிட்டு, இருவருக்கும் ஊசி போட்டார்கள், அவருக்கு மாத்திரையும் கொடுத்து மூன்றாம் நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். என்னுடையதை வீட்டில் தங்கச்சிதான் எடுத்தாள். அண்ணே சொன்னபடி டார்ச்சைச் சாய்த்து அடித்ததும் வாய் தெரிந்தது, கறுப்பு நார் முறியாமல் முழுசாக வந்தது. இன்னும் 14 பனங்கை இறக்க வேண்டும். கையுறை எது வாங்கலாம் அண்ணே?

கொட்டாப்புளி:
துணிக் கையுறை வேண்டாம், நார் அதற்குள் நுழைந்துவிடும். வெல்டிங் வேலைக்காரர்கள் போடும் தோல் கையுறை ஹார்டுவேர் கடையில் கேளுங்கள். பனங்கையைத் தோளில் வைத்து இறக்காமல், இரண்டு பக்கமும் கயிறு கட்டி இறக்குங்கள். அப்பாவை மூடிய செருப்பு இல்லாமல் அந்தப் பக்கம் விடாதீர்கள்.