உருகி உறையும் நாள்களில் நடையை விடாதவர்களின் அனுபவங்கள்

பாலத்தடி:

முதல் நாள் பனி உருகி ஓடியது, இரவில் வானம் தெளிந்துவிட்டது. அதற்கு மறுநாள் காலை எப்படியிருக்கும் என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெப்பமானி 2 டிகிரி காட்டியது. நடைபாலத்தின் நடுவில் ஒரு முதிய பெண்மணி இரு கைகளையும் விரித்தபடி அசையாமல் நின்றிருந்தார். பாலத்தில் கால் வைத்ததும், அதுவரை நறநறவென்று கேட்டுக்கொண்டிருந்த என் காலடி ஓசை அடங்கிப்போயிற்று. தரை ஈரமாகத்தான் தெரிந்தது. “வராதீர்கள் தம்பி, அப்படியே நில்லுங்கள்” என்றார் அவர். தாம் விழுவதைவிடத் தம்மைத் தாங்க வரும் நான் விழுந்துவிடுவேனோ என்ற அச்சமே அக்குரலில் இருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து அவரை அடைந்தேன். இருவரும் பக்கவாட்டில் நகர்ந்து கரை சேர்ந்தோம். அதன் பிறகு அந்தப் பாதையில் அவரை நான் பார்க்கவே இல்லை. வேறு வழியில் நடக்கிறாரா, நடையையே விட்டுவிட்டாரா என்ற கேள்வி இன்னும் என்னை அரிக்கிறது. வெப்பமானி சுழியத்துக்கு மேல் காட்டும்போது பாலம் எப்படி உறைகிறது?

மாடிப்படி:

வெப்பமானி பொய் சொல்லவில்லை. அது தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலுள்ள காற்றை அளக்கிறது. மேகமில்லாத இரவில் தரைப்பரப்பு தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து காற்றைவிடக் குளிர்ந்துவிடும். பாலத்துக்கு அடியிலும் காற்றே என்பதால் மண்ணின் வெப்பம் அதற்குக் கிடைப்பதில்லை. சாலை உறைவதற்கு முன்பே அது உறைந்துவிடும்.

என் அனுபவம் சிறியது. எங்கள் குடியிருப்பின் படிக்கட்டில் ஒரு பெரியவர் சுவரைத் தொட்டபடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். “மருத்துவர் நடக்கச் சொல்கிறார், வானம் விடமாட்டேன் என்கிறது” என்றார். அந்த முகம் மறக்கவில்லை.

அவரைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின்படி, வயது வந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி இரண்டு நாளாவது வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலைக்கான பயிற்சியை மூன்று நாளாவது சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனை அதில் இல்லை. ஆகவே சிறிது சிறிதாகப் படியேறுவதும் கணக்கில் சேரும். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமருங்கள். சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள். சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுங்கள். இவை எல்லாம் நான்கு சுவருக்குள் முடியும்போது, உறைபனிக் காலத்தில் வெளியே கால் வைக்காமலிருப்பதே அறிவுடைமை.

வெயில்விரும்பி:

மாடிப்படி அவர்களின் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. என் தந்தையார் ஒரு குளிர்காலம் முழுவதும் வீட்டுத் தாழ்வாரத்திலேயே தவறாமல் நடந்தார். வசந்தம் வந்து வெளியே அழைத்துச் சென்றபோது, நடைபாதை முடிந்து புல்தரை தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டார். அங்கே இருந்தது ஒரு சாண் இறக்கம்தான். ஒரு காலை முன்னே நீட்டுவதும் பின்னே இழுப்பதுமாக நின்றாரே தவிர, அவரால் இறங்க முடியவில்லை. கால்களில் வலு இருந்தது. மேடுபள்ளத்தை நம்பிக் கால் வைக்கும் பழக்கம்தான் போய்விட்டது. சமதளத்தில் மட்டுமே நடந்த கால்களுக்கு அதை எந்தத் தாழ்வாரமும் கற்றுத் தராது.

வெளிச்சத்தையும் யாரும் குறிப்பிடவில்லை. மேகம் மூடிய நண்பகலில்கூட வெளியே கிடைக்கும் ஒளி, விளக்கெரியும் அறையில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். தரை உறைந்திருக்கும் காலையில் வீட்டுக்குள் செய்யுங்கள். பிற்பகலில் தரை காய்ந்திருந்தால் வெளியே செல்லுங்கள். காலணிக்கு மேல் மாட்டும் இரும்பு முள் பட்டை பனிக்கட்டியில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வீட்டின் வழவழப்பான கல்தரையில் அதுவே வழுக்கும் என்பதால், வாசலிலேயே கழற்றிவிட வேண்டும்.

மழைநடை:

எல்லாரும் பனிக்கட்டியைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் அஞ்சுவது சுழியத்துக்கு மேலே பெய்யும் மழையை. அன்று 6 டிகிரி இருந்தது, காற்றும் பலமாக வீசியது. உடன் வந்த நண்பர் பருத்திச் சட்டை அணிந்திருந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தார். ஒரு கொட்டகையில் ஒதுங்கியபோது மேலங்கியின் ஜிப்பை இழுக்க முயன்றார். விரல்கள் அதைப் பற்றவில்லை. தம் கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு, “எனக்குக் குளிரவில்லை” என்றார், குழறியபடி. அந்தக் குழறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஈரச் சட்டையைக் கழற்றி, என் பையிலிருந்த கம்பளிச் சட்டையை அணிவித்து, இனிப்பான சூடான பானத்தைக் கொடுத்துத் தேற்றினோம். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்கு உறைபனி தேவையில்லை. ஈரமும் காற்றும் போதும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. பருத்தி வியர்வையையும் மழையையும் உறிஞ்சி உடலோடு ஒட்டிவைக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும்.

நெடுந்தூரம்:

ஓடுபவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். கடுங்குளிர்க் காலையொன்றில் ஏற்றத்தின் முடிவில் ஓர் இளைஞர் முழங்காலில் கைகளை ஊன்றி நின்றிருந்தார். மூச்சை வெளியே விடும்போதெல்லாம் மார்பிலிருந்து விசில் சத்தம் வந்தது. என்னைப் பார்த்ததும் போகச் சொல்லிக் கையசைத்தார். நான் போகவில்லை. தம் மருந்தை அவர் உறிஞ்சி, அந்தச் சத்தம் தணியும்வரை அருகிலேயே நின்றேன். குளிர்ந்த காற்று வறண்டது. வேகமாக வாயால் இழுக்கும்போது மூச்சுக்குழாய் ஈரமிழந்து சுருங்குகிறது. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டால், வெளிவிடும் மூச்சின் ஈரமும் வெப்பமும் உள்ளே இழுக்கும் காற்றில் சேரும். தொடங்கியவுடன் விரைந்து ஓடாமல், வீட்டுக்குள்ளேயே உடலைச் சூடேற்றிவிட்டு வெளியே இறங்குவதும் உதவும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டாம். பையிலும் வேண்டாம், எளிதில் எடுக்க மேலங்கியின் உட்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.