பங்குனியில் வெட்டிய மாங்கட்டை மார்கழியிலும் புகைகிறது, என்ன செய்வது?

கேட்டவர் (தளி பக்கம்):

எல்லாருக்கும் வணக்கம். மார்கழிக் குளிர் எங்கள் பக்கம் எப்படி என்று ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஐந்து பேர், குளிக்க வெந்நீர் விறகு அடுப்பில்தான். காவேரிப்பட்டணத்தில் மச்சான் தோப்பில் காய்ப்பு ஓய்ந்த பெங்களூரா மாமரங்கள் மூன்றைப் போன பங்குனியில் எடுத்தார்கள். எனக்கு ஒரு டிராக்டர் லோடு. ஒன்றரை அடித் துண்டுகளாக மிஷின் வைத்து அறுத்து, வீட்டுப் பின்சுவரை ஒட்டி நெஞ்சுயரம் அடுக்கினேன். மழை படக்கூடாது என்று தார்ப்பாயைத் தரைவரை இழுத்து மூடிச் சுற்றிலும் கல்லும் வைத்தேன்.

ஒன்பது மாதம் ஆகிவிட்டது. இப்போது எடுத்து எரித்தால் கட்டையின் முனையில் நுரை தள்ளுகிறது, 'ஸ்ஸ்' என்று சீறுகிறது. அண்டா அடியில் தார் மாதிரி கரி ஒட்டுகிறது. அடி வரிசை முழுக்கக் கரையான். மாங்கட்டையே ஆகாது, புளிய விறகு வாங்கு என்கிறார் அம்மா. வெளிநாட்டு வீடியோக்களில் இரண்டு மூன்று வருடம் காய வைக்கச் சொல்கிறார்கள். மரத்தின் குறையா, நாள் போதவில்லையா?

இன்னொன்று. அம்மாவுக்குக் குளிர் தாங்கவில்லை, அதனால் ராத்திரி கணப்புச் சட்டியில் தணல் அள்ளி அவர் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். அதில் புகையே இல்லை. ஆனாலும் காலையில் தலைவலி என்கிறார். இதுவும் ஈர விறகால்தானா?

பாலக்கோட்டிலிருந்து ஒருவர்:

தம்பி, விறகுப் பேச்சு அப்புறம். இன்று ராத்திரி அந்தச் சட்டி அறைக்குள் போகக்கூடாது. தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை இல்லை என்று நீங்கள் நிம்மதியாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது. சாத்திய அறையில் தூங்குகிறவருக்கு முதலில் தலைவலி, குமட்டல், பிறகு எழுந்திருக்கவே முடியாமல் போகும். விறகு காய்ந்ததா ஈரமா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நல்ல கரித்தணலும் இதையே செய்யும். அம்மாவைப் பகலிலேயே டாக்டரிடம் காட்டி, தணல் விஷயத்தையும் சொல்லுங்கள். குளிருக்குக் கம்பளி, ரப்பர் பையில் வெந்நீர் போதும். கணப்பு வேண்டுமென்றால் திறந்த திண்ணையில், எல்லாரும் விழித்திருக்கும்போது.

கேட்டவர்:

படித்ததும் கை நடுங்கிவிட்டது அண்ணா. சட்டியை வெளியே எடுத்துவிட்டேன், காலையில் கூட்டிப் போகிறேன்.

பென்னாகரத்திலிருந்து ஒருவர்:

இப்போது விறகுக்கு வருவோம். துண்டு போட்டேன் என்கிறீர்கள், பிளந்தேன் என்று எங்கேயும் இல்லையே. உருண்டையாகவே அடுக்கினீர்களா? நடு வரிசையில் ஒரு கட்டையை எடுத்து ஆப்பு வைத்துப் பிளந்து, உள்முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:

உருண்டையாகத்தான் அடுக்கினேன். இப்போது ஒன்றைப் பிளந்தேன், உள்ளே ஈரத்துணி மாதிரி சில்லென்று இருக்கிறது. பட்டைக்குள் வெள்ளைப் பூஞ்சை.

பென்னாகரத்திலிருந்து ஒருவர்:

அப்படியென்றால் மாமரத்தின் மேல் குற்றமில்லை. உங்கள் தார்ப்பாய்தான் குற்றவாளி, கூட்டாளி அந்தப் பட்டை. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது மரத்துக்குள் நீர் ஏறும் நாளத்தின் போக்கில் முனை வழியாகத்தான் சுலபமாக வெளியேறும், பட்டை வழியாக லேசில் வராது. பிளந்து முகம் திறந்துவிட்டால்தான் பக்கவாட்டிலும் போகும். போன கொஞ்ச ஈரத்தையும் நீங்கள் தரைவரை மூடிவைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். காலையில் தார்ப்பாயின் உட்பக்கம் தடவிப் பாருங்கள், முத்து முத்தாக நிற்கும்.

கணக்காகவும் சொல்கிறேன். 10 கிலோ பச்சைக் கட்டையில் 5 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அதை ஆவியாக்கப் போகும் சூட்டில் 100 லிட்டர் குளியல் தண்ணீரை 30 டிகிரி ஏற்றிவிடலாம். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. மரம் சூடானதும் கக்கும் வாயு எரிந்தால்தான் நல்ல சுவாலை. ஈரத்தால் அடுப்பு சூடேறாதபோது அந்த வாயு எரியாமலே புகையாகப் போகிறது. அண்டா அடியில் ஒட்டும் தார் அதுதான்.

ஊத்தங்கரையிலிருந்து ஒருவர்:

கரையானுக்கு மருந்து அடித்துவிடுங்கள். நாங்கள் பழைய இன்ஜின் ஆயிலையும் ஊற்றுவோம்.

பென்னாகரத்திலிருந்து ஒருவர்:

வேலிக் கம்புக்கு என்றால் ஊற்றிக்கொள்ளுங்கள். அடுப்பில் போகிற விறகுக்கு வேண்டவே வேண்டாம், அந்த மருந்தையும் ஆயிலையும் சேர்த்துத்தான் வீட்டார் மூச்சில் இழுப்பார்கள். தரை தொடாமல் அடுக்கினாலே கரையான் பாதி குறையும். கல்லுக்கு நம் பக்கம் பஞ்சமா? வேலிக்கு ஊன்றும் கல்தூண் உடைந்தது இரண்டை இணையாகப் போட்டு அதன்மேல் அடுக்குங்கள். மண்கோடு கல்மேல் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும், துடைப்பத்தால் தட்டிவிடலாம்.

சுவரை ஒட்டி வேண்டாம். காற்றும் போகாது, கரையான் வீட்டு நிலைக்கதவுக்கு ஏறவும் அதுவே வழி. எங்கள் பக்கம் விறகு அடுக்கில் கட்டுவிரியனும் தேளும் சாதாரணம். இருட்டில் வெறுங்கையை விடாதீர்கள். நாளைக்கு வேண்டியதைப் பகலிலேயே எடுத்து வையுங்கள்.

தேன்கனிக்கோட்டை அக்கா:

நாங்கள் ஒற்றை வரிசையாக, வெட்டுமுகம் காற்றைப் பார்க்கிற மாதிரி அடுக்குவோம். மேலே மட்டும் தகரம், பக்கமெல்லாம் திறந்திருக்கும். சாரல் பட்டு நனைந்தால் இரண்டு நாள் வெயிலில் போய்விடும், உள்ளே இருக்கிற ஈரம்தான் போகாது.

இரண்டு மூன்று வருடக் கணக்கு குளிர் நாட்டு ஓக் மரத்துக்கு. நமக்கு மாசியில் பிளந்து போட்டால் கோடை வெயில் ஒன்று, அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக் காற்று ஒன்று, இரண்டும் பார்த்த மாங்கட்டை ஐப்பசிக்குள் தயார். அதற்குமேல் வருடக்கணக்கில் வைத்தால் மா உளுத்து மாவாகிவிடும். சேர்த்து வைக்க வேண்டுமென்றால் கருவேல், புளியின் வைரக்கட்டை. தைலமரம் கிடைத்தால் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள், காய்ந்தபின் கோடாலிதான் திரும்பி வரும்.

கேட்டவர்:

சரி அக்கா, பிளக்க ஆரம்பித்துவிட்டேன். ஆனால் இந்தத் தை வரைக்கும் எதை எரிப்பது? காய்ந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது?

தேன்கனிக்கோட்டை அக்கா:

இப்போதைக்குக் காய்ந்த விறகு கொஞ்சம் விலைக்கு வாங்குங்கள், வெட்கமெல்லாம் பார்க்காதீர்கள். துவரை மிளார் கிடைத்தால் இன்னும் நல்லது, கீழே அதைப் போட்டுத் தீ நன்றாகப் பிடித்தபின் மேலே மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்த மாங்கட்டை. முழு உருண்டையை அடுப்புக்கே காட்டாதீர்கள்.

காய்ந்ததா என்பதற்குச் சமையலறைத் தராசு போதும். மூன்று துண்டில் சுண்ணாம்பால் எண் போட்டு எடை எழுதி, அடுக்கின் நடுவில் வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்து நிறுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்தது. ஈரம் பார்க்கும் மீட்டர் வாங்கினால் புதிதாகப் பிளந்த முகத்தில் குத்திப் பாருங்கள், 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். முனையில் குத்தினால் அது பொய் சொல்லும்.

கேட்டவர் (மாசி கடைசியில்):

அம்மா நலம். சட்டியை எடுத்த மறுநாளிலிருந்து தலைவலி இல்லை. டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

விறகு முழுக்கப் பிளந்து கல்தூண்மேல் ஏற்றியாயிற்று. எண் போட்ட துண்டுகளில் பெரியது தை முதல் வாரத்தில் 2 கிலோ 300 கிராம், நேற்று 1 கிலோ 650. இன்னும் இறங்குகிறது. விலைக்கு வாங்கியதில் புளியங்கட்டை ஒன்று மட்டும் நாலு கணு சேர்ந்த முடிச்சு, இரண்டு ஆப்பை விழுங்கிவிட்டது. அதை என்ன செய்ய?

பென்னாகரத்திலிருந்து ஒருவர்:

ஓரத்தில் இன்னொரு ஆப்பு அடித்து முதல் இரண்டையும் மீட்டுவிடுங்கள். அப்புறம் அந்தக் கட்டையை விட்டுவிடுங்கள். கறி கொத்த நல்ல அடிக்கட்டை அது.