ஸ்ப்ளிட் 9.4: ரீஅலாக் வரியை எடுத்தும் ஹீப் ஓவர்ஃப்ளோ நிற்கவில்லை

கேள்வி:
பழைய இமேஜ் ஒன்றில் சோர்ஸிலிருந்து கட்டிய குனு கோர்யூட்டில்ஸ் 9.4 (கோப்பைத் துண்டாக்கும் ஸ்ப்ளிட் போன்ற அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) ஓடுகிறது. 9.5-க்கு இப்போதைக்கு மாற முடியாது, ஸ்ப்ளிட்டில் உள்ள சிவிஇ-2024-0684 என்ற பாதுகாப்புக் குறைக்கு பேட்ச் மட்டும் போட வேண்டும். ஸ்ப்ளிட்.சி-யில் லைன்_பைட்ஸ்_ஸ்ப்ளிட் ஃபங்ஷனுக்குள் இன்னும் முடியாத வரியைப் பிடித்து வைக்கும் ஹோல்ட் பஃபரைச் சுருக்கும் ரீஅலாக்கையும் அதற்கு மேலுள்ள இஃப்-ஐயும் நீக்கிவிட்டேன். அப்படியும் மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர், மெம்காப்பியில் ஹீப் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதுவது) காட்டுகிறது. எது விட்டுப்போனது?

பதில் 1:
அந்த ரீஅலாக்குக்குக் கொஞ்சம் கீழே, என்_ஹோல்ட்-ஐ (ஹோல்டில் இப்போது இருக்கும் பைட் எண்ணிக்கை) பூஜ்யமாக்கும் வரியை ஒட்டி, ஹோல்ட்_சைஸ்-இல் (ஹோல்டின் கொள்ளளவு) பஃப்சைஸ்-ஐப் (ஒரு ரீடில் படிக்கும் பஃபரின் அளவு) போடும் வரி இருக்கும். அதையும் எடுங்கள். உங்கள் ஓவர்ஃப்ளோவுக்குக் காரணமே அதுதான்.

9.2-க்கு முன் ஹோல்ட் பஃபர் வளர்ந்தால் பஃப்சைஸ் அளவில்தான் வளரும். ஆகவே அதன் அளவு பஃப்சைஸுக்குக் குறையவே குறையாது, அந்த வரியும் பொய் சொன்னதில்லை. 9.2-இல் வளர்க்கும் வேலை எக்ஸ்பிஅலாக்-கிடம் போனது. அது தேவைக்கேற்பத்தான் எடுக்கும். ஒரு பைட் கேட்டால் நூற்றுச் சொச்சம் பைட்டோடு நின்றுவிடும். ஹோல்டை எழுதி முடித்ததும் கணக்கில் மட்டும் 1,31,072 என்று ஏறிவிடுகிறது. அடுத்த முறை "இடம் இருக்கிறதா" என்ற சோதனை தேறி, மெம்காப்பி அந்தச் சின்ன பிளாக்கைத் தாண்டி எழுதிக்கொண்டே போகிறது. எழுதப்படும் பைட்டுகளும் நீளமும் உள்ளீட்டுக் கோப்பிலிருந்தே வருவதால்தான் இதற்கு சிவிஇ எண்.

மாற்றியும் செய்துவிடாதீர்கள்: அளவு வரியை மட்டும் நீக்கி ரீஅலாக்கை விட்டுவைத்தால், பஃப்சைஸை விட நீண்ட வரி வந்தபிறகு பஃபர் சுருங்கும், ஹோல்ட்_சைஸ் பழைய பெரிய எண்ணிலேயே நிற்கும். அதுவும் ஓவர்ஃப்ளோதான். மூன்று வரியும் போக வேண்டும்.

பதில் 2:
சோதிக்க மூன்று துண்டுகளை ஒட்டி ஒரு கோப்பு செய்யுங்கள். முதல் வரியில் 1,31,070 ஸ்பேஸ், பிறகு நியூலைன். இரண்டாவது, எக்ஸ் எழுத்து ஒன்றும் நியூலைனும். மூன்றாவதில் 1,31,071 ஸ்பேஸும் நியூலைனும். மொத்தம் 2,62,145 பைட். ஸ்ப்ளிட்டுக்குப் பெரிய சி ஆப்ஷனில் (ஒரு துண்டில் முழு வரிகளாக அதிகபட்சம் எத்தனை பைட்) 131072 கொடுங்கள்; மூன்று ஹைஃபனோடு வரும் மறைமுக ஆப்ஷன் ஐஓ-பிஎல்கேசைஸ்-க்கும் (பஃப்சைஸை வைப்பது) அதே எண்.

முதல் ரீடில் நீண்ட வரியோடு எக்ஸ் மட்டும் உள்ளே வந்து, அந்த ஒரு பைட் ஹோல்டில் போய் உட்கார வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கணக்கு. கோப்பாகவே கொடுங்கள். பைப் வழியே விட்டால் ஒரு ரீடுக்கு 64 கேபி வாக்கில்தான் வரும், எல்லைகள் நகர்ந்துவிடும்.

பில்டுக்கு சிஃபிளாக்ஸில் சானிடைஸ்=அட்ரஸ், ஓ1, ஜி போதும். லீக் கண்டறிதலை ஏசான்_ஆப்ஷன்ஸில் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சம்பந்தமில்லாத புகார்கள் நடுவில் வந்து குழப்பும். ரூட்டாக கான்ஃபிகர் ஓட்டினால் அது மறுக்கும், சாதாரண பயனராக ஓட்டுங்கள்.

பேட்ச் சரியென்றால் 1,31,071, 2, 1,31,072 பைட்டில் மூன்று கோப்புகள் வரும். சிஎம்பி-யால் மூலத்துண்டுகளோடு ஒப்பிடுங்கள். சானிடைசர் இல்லாமல் "கிராஷ் ஆகவில்லையே" என்று முடிவுக்கு வரக்கூடாது. ஹீப் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, கெட்ட பைனரியும் சத்தமில்லாமல் ஓடி முடியும்.

கேள்வி கேட்டவர்:
மூன்று வரியும் நீக்கியதும் நின்றுவிட்டது. ஒரு சந்தேகம்: தொடக்கத்திலேயே ஹோல்டுக்கு பஃப்சைஸ் அளவு இடம் எடுத்துவிட்டால், மற்ற கோடைத் தொடாமலே சரியாகிவிடாதா?

பதில் 1:
ஆகும், ஹோல்ட்_சைஸையும் கூடவே பஃப்சைஸாக வைத்தால். ஆனால் அந்த மூன்று வரியும் சரியாக இருப்பது, எங்கோ மேலே செய்த ஒரு ஒதுக்கீட்டை நம்பித்தான் என்றாகிவிடும். 9.2-இல் உடைந்ததும் இதே மாதிரி ஒரு நம்பிக்கைதான். தவிர ஒரு முறை பெரிய வரி வந்த கோப்பில் மறுபடியும் வரும், சுருக்கி மீண்டும் வளர்ப்பது வீண் வேலை. 9.5-இலும் நீக்கத்தான் செய்தார்கள். அதையே வையுங்கள், பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்கவும் சுலபம்.

பதில் 3:
மற்ற மெஷின்களையும் பார்க்கிறவர்களுக்கு: பாதிப்பு 9.2 முதல் 9.4 வரை மட்டும். டெபியன் 12-இல் 9.1, உபுண்டு 22.04-இல் 8.32, இரண்டுக்கும் இது கிடையாது. 9.4 என்று பதிப்பு காட்டினாலும் டிஸ்ட்ரோ பேட்சை உள்ளே சேர்த்திருக்கலாம், அதனால் பேக்கேஜின் சேஞ்ச்லாகில் சிவிஇ எண்ணைத் தேடுங்கள். கட்டிய பைனரியை மேக் இன்ஸ்டாலால் யூஎஸ்ஆர்/பின்-இல் கொட்ட வேண்டாம். அடுத்த அப்டேட் அதை மேலெழுதிவிடும், பேட்ச் போனது யாருக்கும் தெரியாது.