ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து 19 நாள்: ஓயாத குமட்டல், காரணம் தெரியாத அழுகை

வைகைக்கரை:
அக்காவுக்கு வயசு 38. எடை குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் ஆகி இன்னிக்கு 19-வது நாள். நாலு நாளா எதைக் குடிச்சாலும் குமட்டுது. தினம் ரெண்டு மூணு தடவை நுரை நுரையா வாந்தி. தண்ணி, மோர் எல்லாம் சேர்த்தே 700 மில்லி தாண்டல. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அழறாங்க, அடுத்த நிமிஷம் எரிஞ்சு விழறாங்க. வீட்ல எல்லாரும் "போகப்போக சரியாயிடும்"னு சொல்றாங்க. சாப்பாடு: பருப்புத் தண்ணி, வடிகட்டின மோர், புரோட்டீன் பவுடர். மாத்திரை: அசிடிட்டிக்கு பான்டோப்ரசோல், சுகருக்கு மெட்ஃபார்மின் 500 ரெண்டு வேளை, மல்டிவிட்டமின், இரும்புச்சத்து. இதுல எது சாதாரணம், எதுக்குப் பயப்படணும்?

செவிலி_மதுரை:
அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு நாள் வாந்தி, 700 மில்லிதான் உள்ளே போகிறது என்றால் போகப்போகப் பார்க்கும் விஷயம் இல்லை. ஆபரேஷன் செய்த டாக்டரின் குழுவுக்கு இன்றே போன் செய்யுங்கள். பேசுவதற்கு முன் மூன்றைப் பார்த்துக் குறித்து வையுங்கள்: உட்கார்ந்த நிலையில் நாடித்துடிப்பு ஒரு நிமிடத்துக்கு எத்தனை, காய்ச்சல் எவ்வளவு, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, அது என்ன நிறம்.

துடிப்பு 120-க்கு மேல், காய்ச்சல், வயிற்று வலி, இடது தோள்பட்டையில் வலி, மூச்சு வாங்குதல் இவற்றில் எது இருந்தாலும் போன் வேண்டாம், நேராக எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். இரைப்பையை வெட்டித் தைத்த கோட்டில் கசிவு இருந்தால் இப்படித்தான் தெரியும். எச்சில்கூட இறங்காமல் திரும்பி வந்தால் ஆபரேஷனில் குழாய்போல ஆக்கிய இரைப்பை வளைவில் குறுகியிருக்கலாம். அதை எண்டோஸ்கோப்பியில் பார்த்து, பலூன் வைத்து விரிக்க முடியும்.

பலர் கவனிக்காமல் விடுவது பி1, அதாவது தயாமின். உடம்பில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். உங்கள் அக்கா சரியாக அந்தக் கட்டத்தில் இருக்கிறார், மேலே வாந்தி வேறு. பி1 குறைந்தால் குமட்டல் கூடும், எரிச்சலும் கூடும். பிறகு நடையில் தள்ளாட்டம், இரண்டிரண்டாகத் தெரிவது, குழப்பமான பேச்சு. அதுவரை விட்டால் மூளையில் நிரந்தரப் பாதிப்பு வரும். அக்கம்பக்கத்து கிளினிக்கில் "டயர்டா இருக்காங்க, ஒரு குளுக்கோஸ் ஏத்திடலாம்" என்றால் உடனே சொல்லுங்கள்: எடை குறைப்பு ஆபரேஷன் ஆனவர், வாந்தி இருக்கிறது, பி1 ஊசி போட்ட பிறகுதான் குளுக்கோஸ். குளுக்கோஸ் மட்டும் தனியாக ஏறினால் மிச்சமிருக்கும் பி1-ஐயும் அது செலவழித்துவிடும்.

உணவியல்_கோவை:
மேலே சொன்னதைச் செய்துவிட்டு இதைப் படியுங்கள்.

குமட்டல் எந்த நேரத்தில் வருகிறது என்பதே பாதிக் காரணத்தைக் காட்டிவிடும். குடித்த கையோடு வந்தால் வேகமும் அளவும் தவறு. பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் வியர்வை, படபடப்போடு வந்தால் இனிப்பு. ஜூஸ், குளுக்கோஸ் பவுடர், சர்க்கரை போட்ட பவுடர் எல்லாம் அதில் சேர்த்தி. மாத்திரை போட்டு அரை மணியில் வந்தால் இரும்புச்சத்தையோ மெட்ஃபார்மினையோ சந்தேகப்படுங்கள். தாளிக்கும் வாசனைக்கே வந்தால் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, எதையும் ஆறவைத்துக் கொடுங்கள். சூட்டில்தான் வாசனை அதிகம் எழும். இரண்டு நாள் ஒரு நோட்டில் மணி, என்ன, எவ்வளவு, எப்போது குமட்டியது என்று எழுதினால் போதும், டாக்டருக்கும் அது உதவும்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது 100 முதல் 150 மில்லி கொள்ளும் குழாய், அதுவும் இப்போது வீங்கியிருக்கும். டம்ளரை வைத்து ஒரு வாய் குடித்தாலே 40, 50 மில்லி போய்விடும். அதனால் டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, டானிக் பாட்டிலோடு வரும் 10 மில்லி அளவு மூடியைப் பயன்படுத்துங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு மூடி. மணிக்கு 120 மில்லி, 12 மணி நேரத்தில் 1,440. குமட்டல் அடங்கியதும் 15 மில்லியாக்கலாம். இலக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். போனில் அலாரம் வையுங்கள், தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஸ்ட்ரா வேண்டாம், காற்றும் சேர்ந்து போகும்.

நுரையாக வருவது பெரும்பாலும் எச்சிலும் கோழையும்தான். உள்ளே போனது இறங்காமல் நின்றால் உடம்பு அதைச் சுரக்கும். "தண்ணி குடிச்சு உள்ளே தள்ளு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மேலே ஊற்ற ஊற்ற வாந்திதான். நிறுத்திவிட்டு மெல்ல நடக்கச் சொல்லுங்கள். அடங்கியபின் ஒரு நாள் தண்ணீர், இளநீர், தெளிந்த பருப்புத் தண்ணீர் மட்டும்.

புரோட்டீன் நாளுக்கு 60 கிராமாவது தேவை. ஆனால் இந்த வாரம் தண்ணீர்தான் முதலில். வெனிலா, சாக்லேட் வாசனையே பலருக்குக் குமட்டும். சுவை சேர்க்காத பவுடரில் அரை ஸ்கூப், வெதுவெதுப்பான பாசிப்பருப்புத் தண்ணீர் 100 மில்லியில் கலந்து அரை மணி நேரம் எடுத்துக் குடிக்கட்டும். கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் திரிந்துவிடும். வயிறு உப்பினால் பால் சர்க்கரை குறைந்த ஐசோலேட் வகைக்கு மாறுங்கள்.

வைகைக்கரை:
பேசிட்டேன், சாயங்காலம் வரச் சொல்லிட்டாங்க. நாடி 96, காய்ச்சல் இல்ல, சிறுநீர் கடும் மஞ்சள். கவனிச்சதுல ஒண்ணு: காலைல வெறும் வயித்துல இரும்பு மாத்திரை போட்டு அரை மணியில அதிகமா குமட்டுது. ஃபில்டர் காபியும் ஆபரேஷன் அன்னிக்கே நிறுத்தியாச்சு. அந்த அழுகைக்கு என்ன காரணம்?

உணவியல்_கோவை:
இரும்பை இரவுக்கு மாற்றலாமா, குமட்டல் அடங்கும்வரை நிறுத்தலாமா என்று மாலையில் கேளுங்கள். கால்சியம் எழுதிக் கொடுத்திருந்தால் இரும்புக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி. மெட்ஃபார்மினை அவசியம் பேச்சில் கொண்டு வாருங்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அதைத் தொடர்வதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், சாப்பாடு இவ்வளவு குறைந்தபின் பழைய அளவே தேவைப்படாமலும் போகலாம். மாதவிடாய் தள்ளியிருந்தால் கர்ப்பப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். எடை இறங்க இறங்க கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் ஒரு வருடம், ஒன்றரை வருடம் தள்ளிப்போடத்தான் சொல்வார்கள்.

மனநல_ஆலோசகர்:
அழுகைக்கு ஒரே காரணம் கிடையாது, பல சேர்ந்து வருகிறது. நீர்ச்சத்துக் குறைவு, பி1 குறைவு, சர்க்கரை இறக்கம் இவை மூன்றுமே மனதைப் புரட்டும், அதனால் அவற்றைச் சரிபார்க்காமல் "மனசுதான்" என்று முடிவு கட்ட வேண்டாம். கொழுப்பில் தேங்கியிருந்த ஈஸ்ட்ரோஜன் எடை குறையும் வேகத்தில் ரத்தத்தில் கலக்கிறது. மாதவிடாய் முன்பின் ஆவதும், திடீர் எரிச்சலும் அதோடு சேர்ந்து வரலாம். காபியைச் சட்டென்று விட்டால் முதல் வாரம் பத்து நாளுக்குத் தலைவலியும் சிடுசிடுப்பும் இருக்கும், அது இந்நேரம் ஓய்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாரத்தில் எடை இறங்குவது சில நாள் நின்றுபோவதும் வழக்கம். தினமும் மிஷினில் ஏறிப் பார்ப்பவர் அதைக் கண்டு "இவ்வளவு பட்டும் வீணாப் போச்சே" என்று உடைந்துபோவார். மிஷினைப் பரண் மேல் வையுங்கள், வாரம் ஒரு நாள் போதும்.

இதற்கு முன் மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்தவரா என்று கேளுங்கள். மெல்லக் கரையும் வகை மாத்திரைகள் ஆபரேஷனுக்குப் பின் முன்போல உடம்பில் சேராமல் போகலாம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் என்றால் நீர்ச்சத்து குறையும்போது ரத்தத்தில் ஏறி நஞ்சாகிவிடும், அதை இன்றே சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று, நம் வீடுகளில் அன்பைக் காட்டுவதே சாப்பாட்டால்தான். துக்கம், சந்தோஷம், கோபம் எல்லாவற்றுக்கும் தட்டுதான் துணையாக இருந்தது. அந்தத் துணை ஒரே நாளில் போனால் ஒரு இழப்பு போலத்தான் இருக்கும். அது பலவீனமோ நன்றிகெட்டதனமோ இல்லை. "ஏன் அழறே"க்குப் பதிலாக பக்கத்தில் உட்கார்ந்து அந்த அளவு மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். மாலை காபி நேரத்தில் பத்து நிமிடம் மொட்டை மாடியில் கூட நடங்கள்.

அழுகை இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, தூக்கமே இல்லாமல் போனாலோ மனநல டாக்டரிடம் போக வேண்டும். "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், அரசின் டெலிமானஸ் மனநல உதவிச் சேவை, தமிழிலும் பேசுவார்கள். ஆபத்தில் இருப்பதாகத் தோன்றினால் நேராக மருத்துவமனை.

வைகைக்கரை:
அத்தை வந்தா "ஒரு வாய்தானே, சாப்பிடு"ன்னு இட்லியை ஊட்டப் பாக்கறாங்க. எப்படித் தடுக்கறது?

மனநல_ஆலோசகர்:
பேசிப் பார்ப்பதைவிட அத்தையிடமே வேலையைக் கொடுங்கள். அளவு மூடி, நோட்டு, அலாரம் மூன்றையும் அவர் கையில் கொடுத்து, "ஐந்து நிமிடத்துக்கு ஒரு மூடி நீங்கதான் கொடுக்கணும் அத்தை, அதுக்கு மேல போனா வாந்தி" என்று சொல்லுங்கள். ஊட்ட வேண்டும் என்பதுதானே அவர் ஆசை.